மர்மப் படங்களும் எங்கள் முற்றமும்

உயர்தரப் பரீட்சை எழுதி முடிந்த நாளுக்கும் பல்கலைக்கழக வாயிலை முதன்முதல் மிதிக்கும் நாளுக்கும் இடையே நம் நாட்டு மாணவர் கடக்கவேண்டிய காலம் சிறிதன்று. எங்கள் அணியினர் 2022ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களிற் பரீட்சை எழுதினோம். பெறுபேறு ஓகஸ்ட் மாத இறுதியிலே வெளியாயிற்று. விரிவுரை மண்டபத்தில் வந்து அமர்ந்தபோது அடுத்த ஆண்டும் பிறந்துவிட்டது. நகரத்துப் பிள்ளைகள் இவ்விடைக்காலத்தில் ஆங்கிலம் கற்பர், கணினி கற்பர், ஏதேனும் ஒரு கற்கைநெறியிலே சேர்வர். ஒட்டுசுட்டானில் இருந்த எனக்கோ அவ்வாண்டில் அயலூருக்குச் செல்லப் பேருந்தும் இல்லை. டீசல் இருந்தாலன்றோ பேருந்து ஓடும்? உரத்தடையால் விளைவு குன்றிய காலபோகமும் அறுவடையாகி வயல்கள் வெறுமையாய்க் கிடந்தன. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. வேலை செய்து களைத்தவன் நாடுவது ஓய்வு. செய்ய வேலையின்றி இருப்பவனைத் தானே நாடி வருவது சலிப்பு. அந்தச் சலிப்பைப் போக்கும்பொருட்டே நான் பழைய மர்மப் படங்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

தமிழ்ச் சங்கத்தின் ஏட்டிலே துப்பறியும் படங்களைப் பற்றி எழுதுவதா எனப் புருவம் உயர்த்துவோர் இருக்கலாம். சங்க இலக்கியம் பற்றியும் சமய இலக்கியம் பற்றியும் எழுத நம்மிடையே ஆற்றல் மிக்கோர் பலர் உளர். அப்பணியை அவர்களிடமே விட்டுவிடுகின்றேன். எனினும் ஒன்று சொல்லலாம். துப்பறியும் கதை தமிழுக்கு நேற்று வந்ததன்று. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அதனைத் தமிழ் வாசகருக்குப் பழக்கப்படுத்திவிட்டனர். வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ 1950ஆம் ஆண்டில் மொடேர்ன் தியேட்டர்ஸாரால் திரைப்படமாகவும் வந்தது. பிற்காலத்தில் வில்லனாகவே நாம் அறிந்த எம். என். நம்பியார் அதிலே துப்பறிபவராகப் பல வேடங்களிலே தோன்றுகின்றார் என்பது இன்றைய இரசிகருக்குச் சற்று வியப்பளிக்கும் செய்தியாகும்.

சலிப்புக்கும் துப்பறிதலுக்கும் உறவுண்டு என்பதை நான் பின்னரே உணர்ந்தேன். ஆல்பிரட் ஹிட்ச்கொக் 1954இல் எடுத்த ‘றியர் விண்டோ’ என்னும் ஆங்கிலப் படத்திற் கால் முறிந்து நாற்காலியிலே கிடக்கும் புகைப்படக் கலைஞன் ஒருவன், பொழுது போகாமையினால் அயல்வீட்டுச் சாளரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். பார்த்துப் பார்த்து, எதிர்வீட்டிலே ஒரு பெண் காணப்படவில்லை என்பதைக் கண்டுகொள்கின்றான். ஓடியாடித் திரிபவனாயின் அவன் அதனைக் கவனித்திருக்கமாட்டான். ஒருவர் இல்லாமற் போனதைக் கவனிப்பதற்கும் ஓரிடத்தில் நெடுநேரம் இருக்கவேண்டும் போலும்.

நான் முதலிற் பார்த்தது ‘புதிய பறவை’. அதற்குக் காரணம் என் மாமா. அவர் அப்படத்தின் முற்பாதியை மட்டும் பார்த்தவர். பிற்பாதியை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாராதவர்.

இது நிகழ்ந்தது 1997ஆம் ஆண்டில். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது அற்றுப்போன மின்சாரம் வன்னியிலே ஒரு தலைமுறைக்குத் திரும்பவில்லை. மண்ணெண்ணெய், பற்றரி போன்ற பொருள்களுக்குப் பொருளாதாரத் தடை. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்னிலே வானொலி கேட்ட காலம் அது. படம் பார்ப்பதற்கோ கட்டுப்பாடுகள் பல. இவற்றையெல்லாம் கடந்து, ஒரு வீட்டு முற்றத்திலே, வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் ஜெனறேற்றரும் வந்திறங்கின. இடம்பெயர்ந்து வந்த யாழ்ப்பாணத்தார் உட்பட ஐம்பது அறுபது பேர் கூடினர் என்பர். மண்ணெண்ணெய்க்கு ஆளுக்கொரு பங்கு காசு.

படத்திலே சிவாஜி கணேசன் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வரும் செல்வன். கோபால் என்பது பெயர். கப்பலிலே லதாவைச் சந்தித்துக் காதல் கொள்கின்றான். ஆயின் புகைவண்டியைக் கண்டால் நிலைகுலைகின்றான். அவனுடைய முதல் மனைவி சித்ரா புகைவண்டிப் பாதையில் மாண்டவள் என அறிகின்றோம். இவ்விடத்தில் ஒரு செய்தியை மாமா சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. முற்றத்திலிருந்த சிறுவர்கள் புகைவண்டியைப் படத்திற்கூட அரிதாகக் கண்டவர்கள். மாங்குளத்துக்கு வரும் வண்டி 1990இலேயே நின்றுவிட்டது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்கு மேற்கூரையாகிவிட்டன. ஆதலினால், ‘இந்தப் பெரிய மனிதன் ஏன் றெயிலுக்குப் பயப்படுகிறான், கிபிருக்கல்லவா பயப்படவேண்டும்’ என்று ஒரு பையன் கேட்டானாம்.

கோபாலுக்கும் லதாவுக்கும் திருமணம் பேசி முற்றாகும் வேளையிலே, இறந்துபோனதாகச் சொல்லப்பட்ட சித்ரா, மாமன் ஒருவருடன் வந்து வாசலில் நிற்கின்றாள். ‘இவள் என் மனைவி அல்லள்’ என்கின்றான் கோபால். அச்சமயம் வானத்தில் விமானச் சத்தம் கேட்டது. ஜெனறேற்றர் நிறுத்தப்பட்டது. சத்தம் அகன்றபின் அதனை மீண்டும் இயக்க வீட்டுக்காரர் துணியவில்லை. விடிந்ததும் பெட்டியும் டெக்கும் வேறோர் ஊருக்குப் போய்விட்டன.

அதன்பிறகு நடந்ததே எனக்குப் பெருஞ்சுவை அளிப்பது. வந்தவள் யார் என்னும் வழக்கு ஒட்டுசுட்டானிற் பல வாரங்கள் நடந்ததாம். கிணற்றடியிலும் வயற்கரையிலும் நிவாரண வரிசையிலும் நடந்ததாம். அவள் சித்ராவின் இரட்டைச் சகோதரி என்பது மாமாவின் கட்சி. சொத்துக்காக வந்த கூத்தாடி என்பது மற்றொரு கட்சி. அவளே சித்ரா, கோபால்தான் பொய்யன் என்று ஒரு கிழவி மட்டும் நின்றாராம். யாழ்ப்பாணத்துத் தியேட்டரிலே படம் வெளிவந்த காலத்திற் பார்த்த ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் முடிவைச் சொல்ல மறுத்துவிட்டார். அவரிடம் மாறாத கோபம் இன்னும் மாமாவுக்கு உண்டு. 2002இற் பாதை திறந்து வீடியோப் பிரதிகள் தாராளமாய் வந்தன. மாமா ஏன் தேடிப் பார்க்கவில்லை என்று கேட்டேன். ‘அப்ப புதுப் படங்கள் வந்திட்டுது பிள்ளை’ என்றார். அது முழு உண்மையோ அறியேன்.

2022 ஏப்ரிலில், மின்சாரம் இருந்த சில மணி நேரத்திலே கைத்தொலைபேசிக்கு மின்னூட்டி, இணையத்திலிருந்து படத்தை இறக்கி வைத்து, இருளிலே விறாந்தையில் இருந்து பார்த்தோம். சிறிய திரை, ஆயினும் அதன் வண்ணங்கள் மங்கவில்லை. 1964இல் தாதா மிராசியின் இயக்கத்தில் வந்த படம் அது. ஆங்கிலத்தில் 1958இல் வந்த ஒரு படத்தின் வித்து, வங்காளப் படமொன்றின் வழியாகத் தமிழுக்கு வந்து முளைத்ததாகும். முடிவை இங்கே சொல்லுகின்றேன்; அறுபது ஆண்டுகள் கடந்த மர்மத்தை மறைப்பதில் நியாயமில்லை. வந்தவளும் அவளுடைய மாமனும் மட்டுமல்லர், காதலி லதாவும் பொலிசாரே. கோபால் தன் மனைவியை அறைந்தபோது அவள் இறந்துவிட்டாள். அவன் உடலைத் தண்டவாளத்திலே கிடத்தினான். இந்த உண்மையை அவன் வாயாலே வரவழைப்பதற்காக எல்லாரும் நாடகம் ஆடினர். கட்டுக்கதை ஒன்றை உடைப்பதற்கு இன்னொரு கட்டுக்கதையைச் சான்றுகளோடு அடுக்கிக்கொண்டு போவதே படத்தின் திறம். ‘இவள் சித்ரா அல்லள்’ என்பதற்கு ஒரே நிரூபணம் ‘சித்ராவை நானே கொன்றேன்’ என்பதுதான். அந்த மூலைக்கு அவனைத் தள்ளிச் செல்லும் விதம் இன்று பார்க்கும்போதும் மூச்சை நிறுத்துகின்றது. சௌகார் ஜானகியின் ஏளனப் பார்வையும் எம். ஆர். ராதாவின் இழுத்துப் பேசும் குரலும் இல்லையாயின் இந்நாடகம் எடுபட்டிராது.

மாமா சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, ‘எல்லாரும் பொலிஸ்காரரோ? அந்தப் பெட்டையுமோ?’ என்றார். இன்னும் சற்றுப் பொறுத்து, ‘கிழவிதான் வெண்டது. மனுசி இப்ப இல்லை’ என்றார். வழக்கிலே வாதாடியவர்களிற் பலர் 2009இற்குப் பின் இல்லை. தீர்ப்பைக் கேட்க இருந்தவர் அவர் ஒருவரே.

அடுத்த வாரம் ‘அந்த நாள்’ பார்த்தோம். இம்முறை பெரியம்மாவும் வந்து இருந்தார். 1954இல் ஏ.வி.எம். நிறுவனத்தார் தயாரித்த இப்படத்தின் இயக்குநர் எஸ். பாலசந்தர், பின்னாளில் வீணை வித்துவானாக உலகப் புகழ் பெற்றவர். ஓர் இசைமேதை எடுத்த படத்திலே ஒரு பாட்டுத்தானும் இல்லை என்பது நயமான முரண். பாட்டில்லாத முதல் தமிழ்ப் படம் அதுவே. பாடல்களுக்காகவே தியேட்டருக்குச் சென்ற அக்காலத்து இரசிகர் திகைத்ததிலே வியப்பில்லை. இன்னொரு துணிவும் உண்டு. ‘பராசக்தி’யால் இரண்டே ஆண்டுகளிற் புகழேணியில் ஏறிய சிவாஜி கணேசன், படம் தொடங்கியவுடனேயே சுடப்பட்டு விழுந்து இறக்கின்றார். எஞ்சிய படம் அவரைக் கொன்றவர் யார் என்னும் விசாரணை. அயல்வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, ஆசைநாயகி, மனைவி என ஒவ்வொருவரையும் சிவானந்தம் என்னும் துப்பறியும் அதிகாரி விசாரிக்கின்றார். அவ்வேடத்திலே தோன்றும் ஜாவர் சீதாராமனே படத்தின் எழுத்தாளரும் ஆவார். ஒவ்வொருவரும் தாம் ஐயுறும் இன்னொருவரைச் சுட்டுகின்றனர். ஒவ்வொரு சாட்சியத்திலும் அதே ராஜன் வேறு வேறு விதமாக வாழ்ந்து வேறு வேறு கையாற் சாகின்றான். இறுதியில், அவன் வானொலிப் பொறியியலாளன், தன் திறமை மதிக்கப்படாத வெறுப்பிலே ஜப்பானியருக்கு இரகசியங்களை விற்றவன், நாட்டுப்பற்று மிக்க மனைவியின் கையாலேயே மாண்டவன் என்று தெரிய வருகின்றது. மனைவியாக நடித்த பண்டரிபாயின் நடிப்பு சிவாஜியின் நடிப்புக்குச் சிறிதும் குறைந்ததன்று. சில இடங்களிலே விஞ்சியது என்பேன்.

இக்கதை நிகழும் நாள் எது? 1943 ஒக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னை நகரின்மீது குண்டு வீசியதே, அதன் மறுநாள். வரலாற்றிலே உண்மையாக நிகழ்ந்த குண்டுவீச்சு அது. அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரிலிலே கொழும்பும் திருகோணமலையும் அவ்வாறே தாக்கப்பட்டன. திறனாய்வாளர் பலர் இந்தப் பின்னணியைத் தேசபக்தி என்னும் கருப்பொருளோடு பொருத்திப் பேசிவிட்டு அப்பாற் செல்வர். நானும் முதன்முறை அப்படியே பார்த்தேன். பெரியம்மா வேறொன்றைக் கண்டார். சிவானந்தம் மூன்றாவது ஆளையோ நான்காவது ஆளையோ விசாரித்துக்கொண்டிருக்கையிற் படத்தை நிறுத்தச் சொன்னார்.

‘உதிலை செத்தது ஒருத்தன்தானே?’ என்றார்.

‘ஓம் பெரியம்மா.’

‘முதல் நாள் ஊருக்குக் குண்டு விழுந்தது எண்டெல்லே சொன்னவங்கள்?’

‘ஓம்.’

‘குண்டு விழுந்த அடுத்த நாளும் ஒருத்தன் எப்பிடிச் செத்தவன் எண்டு கேக்க ஆள் வந்திருக்கு’ என்றார். பின்பு, ‘சரி, போடு’ என்றார்.

பெரியம்மா தம் மகனை 2009 மே மாதத்தில் வட்டுவாகற் பகுதியிலே கடைசியாகக் கண்டார். அதன்பின் கேட்க வந்த பலரிடம் அதே கதையை அதே ஒழுங்கிலே சொல்லியிருக்கின்றார். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், அன்று அணிந்திருந்த சேட்டின் நிறம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னும், அதே மாதம் 24ஆம் திகதி வவுனியாவிலும், மார்ச் 8ஆம் திகதி முல்லைத்தீவிலும் தொடர் போராட்டங்களைத் தொடங்கினர் என்பதை வாசகர் அறிவர். முல்லைத்தீவுப் பந்தலிலே படத்தோடு அமர்ந்திருந்தவர்களுள் பெரியம்மாவும் ஒருவர். ஆகவே விசாரணை என்றால் என்ன என்பது பற்றி எங்கள் குடும்பத்திலே அவரைவிட அறிந்தவர் இல்லை. சிவானந்தம் கேள்வி கேட்கும் முறையை அவர் ஒரு தொழில் வல்லுநரின் கண்ணோடு பார்த்தார். ‘இவன் ஒருக்காச் சொன்னதைத் திருப்பிக் கேக்கிறானில்லை. சொன்னதை ஞாபகம் வைச்சிருக்கிறான்’ என்றார். திறனாய்வு நூல்களிலே இப்படத்தைப் பற்றி நான் படித்தவற்றுள் இத்தனை கூர்மையான கருத்து வேறில்லை.

‘அந்த நாள்’ பற்றி எழுதுவோர் எல்லாரும் அகிரா குரோசவாவின் ‘றஷோமொன்’ படத்தையும் உடன் குறிப்பிடுவர். 1950இல் வந்த அந்த ஜப்பானியப் படத்தைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே பார்த்தேன். காட்டிலே ஒரு சாமுறாய் இறந்து கிடக்கின்றான். கொள்ளைக்காரன் ஒரு கதை சொல்கின்றான். மனைவி ஒரு கதை சொல்கின்றாள். இறந்தவனே ஆவேசம் வந்தவளின் வாயிலாக ஒரு கதை சொல்கின்றான். விறகுவெட்டி வேறொரு கதை சொல்கின்றான். எது மெய் என்று படம் சொல்வதில்லை. நீதிபதியின் முகமும் காட்டப்படுவதில்லை. சாட்சிகள் நம்மை நோக்கியே பேசுகின்றனர். உண்மை என்பது ஒன்றன்று, அது காண்பவரைப் பொறுத்தது என்பதே இதன் தத்துவம் என்றும், ‘அந்த நாள்’ கொலைகாரரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவதால் ஒரு படி தாழ்ந்ததென்றும் கூறுவர்.

கலையழகிலே ‘றஷோமொன்’ மேலானது என்பதை நான் மறுக்கவில்லை. இலைகளினூடே வெயில் விழும் காட்சிகளை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஆயின், முடிவு சொல்லாமை காரணமாக ஒரு படம் உயர்ந்தது, முடிவு சொல்லுதல் காரணமாக ஒன்று தாழ்ந்தது என்னும் வாதம் எனக்கு உடன்பாடன்று. விடை கிடைக்கும் என்ற உறுதியோடு வாழ்பவர்களுக்கே விடையின்மை ஒரு புதிய தத்துவமாகத் தோன்றும். எங்கள் ஊரிலே அது தத்துவமன்று, அன்றாடம். நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வதையும், எது மெய்யெனத் தெரியாமல் வீடு திரும்புவதையும் அறியப் பெரியம்மாவுக்குக் குரோசவா தேவையில்லை. நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னபின்பும் ஒருவன் எழுந்து செல்லாமல், ஐந்தாம் ஆளையும் விசாரித்து, நடந்தது இதுதான் என்று சொல்லும் படமே அவருக்குப் புதுமையானது. பாலசந்தர் மேனாட்டுப் படங்களிலிருந்து முறையைக் கற்றிருக்கலாம். கற்றபின் முடிவை மாற்றியது சந்தைக்காக என்று மட்டும் கொள்ளல் தகாது. சந்தையை எண்ணியவர் பாட்டை விட்டிருப்பாரா?

மற்றப் படங்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. ‘யார் நீ?’ 1966இல் வந்தது. ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த இந்தித் தழுவல். மழையும் வெள்ளைச் சேலையும் பேய்ப்பாட்டும் உண்டு. இரவிலே பார்த்தாற் சிறிது அஞ்சலாம், பகலிலே பார்த்தாற் சிரிக்கலாம். 1967இல் வந்த ‘அதே கண்கள்’ விறுவிறுப்பானதே. ஆனால் ஒவ்வொரு கொலைக்குப் பின்னும் ஒரு பாட்டு வருவதற்குள் நம் ஐயம் ஆறிவிடுகின்றது. பாலசந்தரே 1970இல் வெளியிட்ட ‘நடு இரவில்’ அகதா கிறிஸ்ரியின் கதையைத் தழுவியது. தீவிலே ஒரு பெரிய வீடு, அதிலே கூடிய உறவினர் ஒருவர்பின் ஒருவராகக் குறைந்து வருகின்றனர். மாமாவுக்கு அது மிகவும் பிடித்தது. யார் கொலைகாரர் என்று பந்தயம் கட்டினார். பந்தயப் பொருள் ஒரு போத்தல் மண்ணெண்ணெய். அவ்வாண்டு ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதால், தோற்றவர் யாரென்பதை இங்கே எழுதி வீட்டிலே வழக்கை மீண்டும் தொடங்க நான் விரும்பவில்லை.

கடைசியாகப் பார்த்தது ‘மூடுபனி’. 1980இல் வந்த இப்படத்தை இயக்கிய பாலுமகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியிலே பிறந்தவர் என்பதனால் நமக்கு ஒரு தனி உரிமையும் உண்டு. முன்னைய படங்களைப்போல் அன்றி, இதிலே கொலை செய்பவன் யார் என்பது மறைக்கப்படுவதில்லை. பிரதாப் போத்தன் நடித்த அவ்விளைஞனை நாம் தொடக்கத்திலேயே அறிகின்றோம். அவனுடைய இளமையின் துன்பத்தையும் அறிகின்றோம். பாட்டு மிகக் குறைவு, பேச்சும் குறைவு. பனியும் இளையராஜாவின் பின்னணி இசையுமே நம்மை அச்சுறுத்துகின்றன. ‘யார்’ என்னும் கேள்வியை எடுத்துவிட்டபின் ஒரு மர்மப் படத்திலே எஞ்சுவது என்ன என்று பார்த்த துணிவு அது.

அரைமணி நேரத்திலேயே பெரியம்மாவுக்கு அலுத்துவிட்டது. ‘ஆர் செய்தது எண்டு முதலே தெரிஞ்சுபோச்சு. பிறகென்னத்துக்கு இருந்து பாக்கிறது?’ என்று சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: ‘தெரிஞ்சாப்போலை பிடிச்சுப் போடுவாங்களோ? அதைப் பாக்கத்தானே அக்கா இருக்கிறம்.’

பெரியம்மா சிறிது நேரம் நின்றார். பின்பு கதிரையை இழுத்துத் தொலைபேசிக்குக் கிட்டப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். மின்னூட்டம் 18 வீதம் இருந்தது. படம் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.